கல் வைக்க முன் வீட்டுக்குள் நடந்து பாருங்கள்

வியாபாரத்தில் நாம் சதத்துக்கும் கணக்குப் பார்ப்பவர்கள். சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனால் நாலு கடை ஏறி இறங்காமல் விலை பேசுவதில்லை. துணியென்றால் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்போம், அரிசியென்றால் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்போம். ஆனால் வாழ்நாளில் செய்கின்ற ஆகப் பெரிய கொள்வனவான வீட்டை மட்டும், பட வரைஞர் தருகின்ற இரண்டு தாளில் உள்ள கோடுகளைப் பார்த்து "சரி, தொடங்குவோம்" என்று சொல்லி விடுகிறோம். அந்தக் கோடுகள் சுவராக எழும்பிய பிறகுதான் அறை சிறியது, படி செங்குத்தானது, குசினிக்குள் வெளிச்சமில்லை என்பதெல்லாம் தெரிய வருகிறது. பிறகென்ன, உடைப்பதும் கட்டுவதும்தான். உடைக்கவும் கூலி, அள்ளவும் கூலி, திரும்பக் கட்டவும் கூலி.

இது வெறும் மனக்குறை சார்ந்த விடயமல்ல. கடை முதலோடு சம்பந்தப்பட்ட விடயம். எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோருக்கு வீட்டுக்கென்று தனிப் பணம் இருப்பதில்லை. கல்லாப்பெட்டியிலிருந்துதான் சிமெந்தும் கம்பியும் போகின்றன. இன்று மேசன் பாஸுக்குக் கொடுத்த காசு, நாளை வங்கிக்கு வரவிருக்கும் காசோலைக்கு வைத்திருந்த காசாக இருக்கும். கிழக்கிலே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவது என்ற வழக்கம் வேறு. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒரு கடைக்காரர் தன் ஆயுளில் மூன்று வீடு கட்ட வேண்டியுள்ளது. அது சரியா பிழையா என்பது வேறு பக்கத்தில் பேச வேண்டியது. இந்தப் பக்கத்துக்கு உரியது அதன் கணக்கு மாத்திரமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 பேர்ச் காணியில் 3,200 சதுர அடியில் இரண்டு மாடி வீடு. ஒரு சதுர அடிக்கு 12,000 ரூபா என்று பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். (உங்கள் ஊரில், நீங்கள் போடுகின்ற ஓட்டுக்கும் மரத்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும்.) மொத்தம் 3 கோடியே 84 இலட்சம். இப்போது அந்த வீட்டில் யாரும் படுக்காத, வருடத்தில் இரண்டு தடவை விருந்தாளிக்குத் திறக்கின்ற 12 அடிக்கு 14 அடி அறை ஒன்று உண்டென்றால் அது 168 சதுர அடி. அதாவது 20 இலட்சத்து 16 ஆயிரம் ரூபா. நாலடி அகலத்தில் முப்பதடி நீளமாக ஓடுகின்ற நடைபாதை 120 சதுர அடி, 14 இலட்சத்து 40 ஆயிரம். பெருநாள் சீசனுக்குச் சரக்கெடுக்க இந்தத் தொகை கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபா மட்டத்தில் இருந்த 50 கிலோ சிமெந்து மூடை அந்த வருடம் இரண்டாயிரத்தைத் தாண்டிப் போனது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஸ்லெப் போட்ட நிலையிலும் ஜன்னல் இல்லாத நிலையிலும் எத்தனையோ வீடுகள் நின்று போயின. விலையேற்றத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் தேவைக்கு மேல் 800 சதுர அடி போட்டுத் தொடங்கியவருக்கும் அளவாகத் தொடங்கியவருக்கும் அந்த வருடம் ஒரே மாதிரி இருக்கவில்லை.

சுவரை நகர்த்திய கணினி

கட்டு முன்பே கட்டடத்துக்குள் நடந்து பார்க்கின்ற வேலை ஏதோ நேற்று வந்த வேடிக்கையல்ல. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகம் தனது கணினித் துறைக்கு சிட்டர்சன் மண்டபம் என்றொரு கட்டடத்தைக் கட்டத் தயாரானது. அத்துறையின் பேராசிரியர் பிரெட்ரிக் புரூக்ஸும் அவரது குழுவினரும் கட்டடக் கலைஞரின் வரைபடங்களை அப்படியே கணினிக்குள் ஏற்றி, திரையில் அதற்குள் நடந்து பார்த்தார்கள். முன் மண்டபத்தில் ஒரு தடுப்புச் சுவர் இடத்தை நெருக்குவதாக, அங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பட்டது. தாளில் பார்த்தபோது யாருக்கும் உறுத்தாத சுவர் அது. திரையில் நடந்து காட்டிய பிறகு கட்டடக் கலைஞர்களும் ஏற்றுக்கொண்டு சுவரைத் தள்ளி வைத்தார்கள். ஒரு செங்கல்லும் உடைக்கப்படவில்லை. கட்டடம் 1987இல் திறக்கப்பட்டது.

அன்று அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் இயந்திரங்கள் முழுவதும் தேவைப்பட்டன. இன்று உங்கள் மகனின் மடிக்கணினி போதும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளை 2006இல் கூகிள் நிறுவனம் வாங்கி இலவசப் பதிப்பொன்றை விட்டதோடு உலகெங்கும் சாதாரண மனிதர்கள் வீட்டை முப்பரிமாணத்தில் வரையத் தொடங்கினார்கள். 2012இல் அது டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சொந்தத் தேவைக்கான இலவசப் பதிப்பு இன்றும் இணையத்தில் உண்டு. அதைவிட இலகுவானது சுவீட் ஹோம் த்ரீடீ. இது முற்றிலும் இலவசம். மேலே தரைப்படத்தில் சுவரை இழுத்தால் கீழே அதே சுவர் எழும்பி நிற்கும். கட்டில், அலுமாரி, மேசை எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து இழுத்து வைக்கலாம். பிறகு ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டு வாசலால் நுழைந்து அறை அறையாகப் போகலாம். உயர்தரம் படிக்கின்ற பிள்ளைக்கு இரண்டு பின்னேரம் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

கொஞ்சம் செலவழிக்கத் தயாரென்றால் கட்டடக் கலைஞரிடமோ பட வரைஞரிடமோ இதைக் கேட்டு வாங்கலாம். மூன்று விதமாகத் தருவார்கள். நிறுத்திய படங்கள் ஒன்று. வீட்டுக்குள் கமெரா போவது போன்ற வீடியோ இன்னொன்று. மூன்றாவது, ஒவ்வோர் அறையின் நடுவிலும் நின்று சுற்றிவரப் பார்க்கக் கூடிய 360 பாகைப் படம். எமது அபிப்பிராயத்தில் மூன்றாவதுதான் காசுக்குப் பெறுமதி. வீடியோ, வரைந்தவர் காட்ட விரும்பும் பக்கத்தை மட்டுமே காட்டும். 360 பாகைப் படத்தில் உங்கள் கண் போகும் பக்கமெல்லாம் பார்க்கலாம். கையடக்கத் தொலைபேசியிலேயே திறக்கும். கட்டாரிலோ சவூதியிலோ இருந்து காசு அனுப்புகின்ற தம்பிக்கு இணைப்பை அனுப்பினால் அவரும் அங்கிருந்தபடியே வீட்டுக்குள் நின்று, "நானா, இந்தக் கதவு எதுக்கு இந்தப் பக்கம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி இப்போது வருவது நல்லது. அவர் லீவில் வந்து நிற்கும்போது வந்தால் செலவு.

சோபாவை எடுத்துவிட்டு சஹனை வையுங்கள்

நடந்து பார்ப்பதென்றால் வாய் பார்ப்பதல்ல. உங்கள் வீட்டில் உண்மையில் நடக்கின்ற காரியங்களை அந்தப் படத்துக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். கணினிப் படங்களில் எப்போதும் ஒரு சோபா, ஒரு கண்ணாடி மேசை, ஒரு பூச்சாடி இருக்கும். மனிதர் இருப்பதில்லை. எமது வீடுகளிலோ கலியாணம், கத்தம், பெயர் சூட்டு என்று ஆட்கள் நிறைகின்ற நாட்கள் உண்டு. ஆகவே ஹோலில் உள்ள சோபாவை எடுத்துவிட்டு சஹன் வைத்துப் பாருங்கள். ஆறு பேர் சுற்றியமர ஏழடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். 21 அடிக்கு 14 அடி ஹோலில் ஆறு வட்டம் வைக்கலாம், ஒரு பந்திக்கு 36 பேர். அதே ஹோலின் நடுவில் வட்டப் படிக்கட்டு ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினால் மூன்று சஹன் போய்விடும். பரிமாறுகிறவர் எந்த வழியால் வருவார்? கைகழுவ எங்கே போவார்கள்? பெண்களின் பந்திக்கு குசினிப் பக்கத்தால் தனி வழி உண்டா? அந்நிய ஆண் ஒருவர் முன் ஹோலில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் அறையிலிருந்து குசினிக்கு அவர் கண்ணில் படாமல் போக முடியுமா? இவற்றையெல்லாம் தரைப்படத்தில் விரலால் காட்டிக் கேட்டால் பட வரைஞர் "முடியும்" என்றுதான் சொல்வார். நடந்து பார்த்தால்தான் விடை வரும்.

படுக்கையறைக்கு வாருங்கள். பத்துக்குப் பத்து அறை என்று சொல்லும்போது காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆறரை அடி நீளக் கட்டிலைச் சுவரோடு போட்டு, எதிர்ச் சுவரில் இரண்டடி ஆழ அலுமாரியை வைத்தால் மிச்சம் ஒன்றரை அடி. அலுமாரிக் கதவு கட்டிலில் முட்டும். இருவர் ஒரே நேரத்தில் நடமாட முடியாது. ஒன்றில் அறையை நீட்ட வேண்டும், அல்லது அலுமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றி ஜன்னலை நகர்த்த வேண்டும். ஜன்னலை நகர்த்த கணினியில் ஒரு நிமிடம்.

படிக்கட்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தரையிலிருந்து மேல் தரை வரை பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். படியொன்று 7 அங்குல உயரமென்றால் 18 ஏற்றம் வரும். மிதிக்கின்ற பலகை 10 அங்குலமாக 17 மிதி, மொத்தம் 14 அடி 2 அங்குலம். நேர் படிக்கு இவ்வளவு நீளம் வேண்டியிருக்க, வரைபடத்தில் பத்தடிக்குள் படியைத் திணித்திருப்பார்கள். விளைவு, வாப்பாவும் உம்மாவும் ஏற முடியாத ஏணி ஒன்று. இடையில் திரும்புகின்ற படியென்றால் திரும்பும் இடத்தில் தலைக்கு மேல் பீம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். முப்பரிமாணப் படத்தில் ஏறிப் போனால் பீம் முகத்துக்கு நேரே வருவது உடனே தெரியும்.

வேன் வைத்திருப்பவர்கள் போர்ட்டிக்கோவில் காருக்குப் பதிலாக வேனை நிறுத்திப் பாருங்கள். உயர்ந்த கூரை வேன் ஏழடிக்கு மேல் நிற்கும், பின் கதவு தூக்கினால் இன்னும் மேலே போகும். வீட்டோடு சேர்ந்த களஞ்சிய அறை வைக்கின்றவர்கள் அட்டைப்பெட்டி ஏற்றியிறக்குகின்ற வழி ஹோலுக்குள்ளால் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

குசினி பற்றி ஒரு வார்த்தை. பென்ட்ரி அலுமாரி போட்ட பளபளப்பான குசினியைப் படத்தில் வரைந்து தந்து விடுவார்கள். ஆனால் சட்டி பானை கழுவுவதும் மீன் வெட்டுவதும் இடிப்பதும் பின்னால் உள்ள குசினியில்தான். அது படத்தில் இருக்காது. பிறகு பின் மதிலோடு தகரம் இறக்கி ஒன்று போடுவோம். அந்தத் தகரம், வீட்டின் பின்பக்கத்துக் காற்றையும் வெளிச்சத்தையும் அடைத்து விடும். முதலிலேயே இரண்டு குசினியையும் வரையச் சொல்லுங்கள். அதை வீட்டுப் பெண்கள் பார்த்துச் சொல்லட்டும். அங்கே நாளுக்கு ஐந்து மணித்தியாலம் நிற்கப் போவது நீங்களல்ல.

கிப்லாத் திசையையும் ஆரம்பத்திலேயே நில அளவைப் படத்தில் குறித்துக் கொடுங்கள். எமது நாட்டில் அது நேர் மேற்கல்ல, மேற்கிலிருந்து வடக்காகச் சற்றுச் சரிந்தது. மலசலகூடக் கொமட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பது குழாய் பதித்த பிறகு பேசுகின்ற கதையல்ல.

விசாலம் சதுர அடியில் மட்டுமில்லை

"பெரிய வீடு வேண்டும்" என்று சொல்பவர்களில் பலர் கேட்பது உண்மையில் விசாலமான உணர்வை. அது வேறு. ஜெப்ரி பாவா 1960களின் ஆரம்பத்தில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் எனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு சுமார் 30 பேர்ச் காணியில் இருந்தது. வீட்டைக் காணியின் நடுவில் நிறுத்தாமல், மதிலோடு ஒதுக்கிக் கட்டி, நடுவில் பெரிய முற்றத்தை விட்டார். எந்த அறையில் நின்றாலும் கண் முற்றத்துக்குப் போகும். அந்த வீடு பிற்காலத்தில் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு லுணுகங்கைக்குக் கொண்டு போய் மீண்டும் எழுப்பப்பட்டது. காலிக் கோட்டைக்குள் உள்ள பழைய வீடுகளைப் பாருங்கள். முன்னால் விறாந்தை, ஒடுங்கி நீண்ட வீடு, நடுவில் திறந்த முற்றம். அகலம் குறைந்த காணியில் எமது முன்னோர் மூச்சு விட்டு வாழ்ந்தது அந்த முற்றத்தினால்தான். 10 பேர்ச்சில் இன்று நாம் மதிலிலிருந்து மதில் வரை மூடிக் கட்டி, பகலில் மின்குமிழ் எரித்து, ஏசி போட்டு, மாத முடிவில் மின்சாரப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இதையும் கணினியில் சோதிக்கலாம். ஸ்கெட்ச்அப் போன்றவற்றில் ஊரையும் திகதியையும் நேரத்தையும் கொடுத்தால் நிழல் எங்கே விழும் என்று காட்டும். எமது நாட்டுக்கு இது முக்கியம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கம் அளவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மே, ஜூன், ஜூலையில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தும் டிசம்பரில் தெற்குப் பக்கத்திலிருந்தும் விழும். ஆனால் வருடம் முழுக்க விடாமல் அடிப்பது பின்னேர மேற்கு வெயில். பிள்ளைகளின் படுக்கையறையில் மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் பின்னேரம் நாலு மணிக்கு வைத்துப் பாருங்கள், வெயில் கட்டிலில் விழுவது தெரியும்.

படம் பொய் சொல்லும் இடங்கள்

வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. கண்ணாடி அலுமாரிக்குள் வெளிச்சம் போட்டு வைத்த பொருள் வீட்டுக்குப் போனால் வேறு மாதிரித் தெரியும். இங்கேயும் அப்படித்தான். கமெராவின் பார்வைக் கோணத்தை அகலமாக்கினால் பத்தடி அறை கலியாண மண்டபம் போலத் தோன்றும். கண் மட்டத்தை ஐந்தரை அடிக்கு மேல் தூக்கினால் எல்லாம் தாழ்ந்து, இடம் கூடியது போல இருக்கும். தளபாடத்தைச் சற்றுச் சிறிதாக வரைகின்றவர்களும் உண்டு. ஆகவே படத்தைப் பார்க்க முன் கட்டிலின் அளவையும் கண் மட்டத்தையும் கேளுங்கள். அளவு சொல்ல முடியாதவர் தருகின்ற படம் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே உதவும்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி எழுதிக் கேட்டால் மாளிகை போன்ற படங்கள் நிமிடத்தில் வருகின்றன. பார்க்க அழகு. அவற்றுக்கு அளவுமில்லை, தூணுமில்லை, குழாயுமில்லை. அதைத் தொலைபேசியில் காட்டி, "இது மாதிரிக் கட்டித் தாங்க" என்று பாஸிடம் சொன்னால், அவர் தலையாட்டி விட்டுத் தனக்குத் தெரிந்த மாதிரித்தான் கட்டுவார்.

கணினி காட்டாத காரியங்களும் உண்டு. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அது சொல்லாது. அதற்குப் பொறியியலாளர் வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கையை அண்டிய கொலன்னாவைப் பகுதி எப்படி இருந்தது என்பதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. உங்கள் காணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் எந்த உயரத்தில் இருக்கிறதென்று போய்ப் பாருங்கள். மலைநாட்டில் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் உள்ள இடங்களில் காணியின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூட முடியாது. வீதி எல்லை, கட்டட எல்லை, பின்பக்கத் திறந்த வெளி ஆகியவையும் உண்டு. இவற்றை மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டறிந்து, முதலில் அந்தக் கோடுகளைக் காணியில் போட்டுவிட்டுத்தான் கனவு காண வேண்டும். மதிலோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைத்த படத்துக்கு எந்தச் சபையும் கையெழுத்துப் போடாது.

கணினி வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கடை மூடிய பிறகு களஞ்சியத்தின் தரையில் சோக்கால் அறையை முழு அளவில் கீறி, கட்டிலுக்குப் பதிலாக அட்டைப்பெட்டி அடுக்கி நடந்து பாருங்கள். ஒரு ரூபாவும் செலவில்லை.

படம் முடிவானதும் அதிலிருந்து அளவுப் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லுங்கள். எத்தனை கல், எவ்வளவு கம்பி, எத்தனை சதுர அடி ஓடு என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் இரண்டு மூன்று கொந்தராத்துக்காரரிடம் ஒரே கணக்கில் விலை கேட்கலாம். பட்டியல் இல்லாமல் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசினால் ஒருவர் பூச்சு வேலையைச் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். மலிவானவர் யாரென்று கடைசியில்தான் தெரியும்.

ஹாட்வெயார், ஓடு, தளபாடம், திரைச்சீலை வியாபாரம் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் இனித் தொலைபேசியில் தன் வீட்டுப் படத்தோடுதான் கடைக்கு வருவார். 2017இல் சுவீடனின் ஐக்கியா நிறுவனம், தனது தளபாடங்களை வாடிக்கையாளர் தன் அறையிலேயே தொலைபேசிக் கமெரா ஊடாக வைத்துப் பார்க்கின்ற செயலியை வெளியிட்டது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஓட்டுக் கடையில் ஒரு கணினியும் அதைக் கையாளத் தெரிந்த ஒரு பையனும் இருந்தால், வருபவரின் ஹோலை அந்த இடத்திலேயே வரைந்து, இரண்டடி ஓட்டைப் பரப்பிக் காட்டலாம். 21 அடிக்கு 14 அடி ஹோலென்றால் ஒரு வரிசை பாதியாக வெட்டுப்படும், 74 ஓடு போகும். உடைவுக்கு நாலைந்து கூட்டிக் கொடுக்கலாம். "இன்னும் சுவர் கட்டவில்லையென்றால் 22 அடியாக்குங்கள், 77 ஓட்டில் வெட்டே இல்லாமல் முடியும்" என்று சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். குளியலறை ஓட்டுக்கும் அவரிடம்தான் வருவார்.

வரைந்து தருபவரோடு கூலி பேசும்போதே, படங்களோடு மூலக் கோப்பையும் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை மாற்றம் செய்து தருவார் என்பதையும் அதில் எழுதுங்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு பெரும்பாலும் மேலதிகக் காசு கேட்பார்கள். அந்தக் காசு எவ்வளவாக இருந்தாலும் ஒரு சுவரை உடைக்கின்ற கூலியை விடக் குறைவுதான்.